“எனக்கு வேணாம்மா!” - தட்டைத் தள்ளி வைக்கும் பெண்கள்

பெரம்பலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியலூராகவும் இருக்கலாம். ஏன், உங்கள் வீடாகவும் இருக்கலாம். ராத்திரி எட்டு மணி. ப்ளஸ் டூ படிக்கிற பெண் தட்டைத் தள்ளி வைக்கிறாள்.

“எனக்கு வேணாம்மா. ஸ்கூல்லேயே சாப்பிட்டுட்டேன்.”

“ரெண்டு இட்லியாவது போட்டுக்கடி.”

“பசிக்கலைம்மா... வயிறு பொருமலா இருக்கு.”

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாயி, “விடு, இந்தக் காலத்துப் புள்ளைங்க... டயட்டு இருக்குதாம்ல!” என்று சிரிக்கிறார். அம்மாவும் விட்டுவிடுகிறார். மறுநாள் வெள்ளிக்கிழமை, விரதம். அதற்கு அடுத்த நாள் பரீட்சை டென்ஷன். இப்படியே மூன்று மாதம் போகிறது. யூனிஃபார்ம் தொளதொளவென்று தொங்குகிறது. மாதவிலக்கு இரண்டு முறை தள்ளிப் போய்விட்டது. ஒருநாள் காலை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருகிறது.

இது யாரோ ஒரு பெண்ணின் கதை அல்ல. பல வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிற விஷயத்தை ஒரே வீட்டில் வைத்துச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது, யார் அவள் காதில் என்ன ஓதினார்கள், எந்த இடத்தில் நீங்கள் விழித்துக்கொண்டிருக்கலாம்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பூசினாற்போல இருந்தால்தான் அழகு!

உங்கள் அம்மாவையோ அப்பாயியையோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் காலத்தில், “பொண்ணு பூசினாப்ல இருக்கா, மகாலட்சுமி மாதிரி” என்பதுதான் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லும் பாராட்டு. ஒல்லியாக இருந்தால், “என்னங்க, பொண்ணு நோஞ்சானா இருக்கே” என்று முகம் சுளிப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் நடிகை குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயிலே கட்டினார்கள். புசுபுசுவென்ற இட்லிக்கு அவர் பெயரையே வைத்தோம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அதே திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல்தான்.

இதே பழைய திருச்சி மாவட்டத்தில், பாப்பாக்குறிச்சி என்ற ஊரில்தான் 1982-ம் வருடம் ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அன்றைக்குப் பிள்ளை பட்டினி கிடந்தால், வீட்டில் அரிசி இல்லை என்று அர்த்தம். இன்றைக்கோ அடுக்களையில் எல்லாம் இருக்கிறது. பிள்ளை மட்டும் பட்டினி கிடக்கிறது!

நடுவில் என்ன மாறியது? 1993-ல் சன் டி.வி. வந்தது. 1994-ல் ஒரே வருடத்தில் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும், ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூட்டப்பட்டார்கள். அழகு என்பது அளந்து பார்க்கிற சமாசாரம் என்பது பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 2008-ல் ‘டஷன்’ இந்திப் படத்துக்காகக் கரீனா கபூர் மெலிந்தபோது, ‘சைஸ் ஜீரோ’ என்ற வார்த்தை ஊரெல்லாம் அடிபட்டது. அப்புறம் எல்லோர் கையிலும் செல்போன். டி.வி.யையாவது அணைக்கலாம். போன் பிள்ளையோடு படுக்கைக்கே போகிறது.

விளம்பரம் எதை விற்கிறது?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விளம்பரப் பலகைகளை எண்ணிப் பாருங்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று எதுவாக இருந்தாலும் அதில் நிற்கிற பெண் எப்படி இருக்கிறாள்? வெள்ளைத் தோல், ஒடிகிற இடுப்பு. வெயிலில் மக்காச்சோளம் ஒடிக்கிற பெண்ணோ, சின்ன வெங்காயம் அறுக்கிற பெண்ணோ, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குகிற பெண்ணோ அந்தப் பலகையில் இடம்பெறுவதில்லை. தினம் அதைப் பார்த்துக்கொண்டே காலேஜுக்குப் போகிற பெண், ‘அழகுன்னா அதுதான், நான் அதுல சேர்த்தி இல்லை’ என்று தானாகவே முடிவு கட்டிவிடுகிறாள்.

விளம்பரத்தின் சூட்சுமம் இதுதான். முதலில் உங்களிடம் ஒரு குறை இருப்பதாக நம்ப வைக்க வேண்டும். அப்புறம்தான் அந்தக் குறைக்கு மருந்து விற்க முடியும். சிவப்பழகு க்ரீமை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது 1975-ல். மாநிறமான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, க்ரீம் பூசியதும் எல்லாம் கூடி வரும் என்பதுதான் இந்த வகை விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வந்த கதை. கறுப்பாக இருப்பவரைத் தாழ்வாகவோ துக்கமாகவோ காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் விதிமுறை வகுத்தது 2014-ல்தான். 2020-ல் அந்த க்ரீமின் பெயரே ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாறியது. பெயர் மாறிவிட்டது. 45 வருடமாக மனசில் பதிந்தது அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

நிறத்துக்குச் சொன்ன அதே கதையைத்தான் இப்போது எடைக்கும் சொல்கிறார்கள். ‘முன்பு - பின்பு’ என்று இரண்டு போட்டோ போடுகிறார்கள் அல்லவா? வயிற்றைத் தளர விட்டு, மங்கிய வெளிச்சத்தில், முகத்தைத் தொங்கப் போட்டு ஒரு படம். மூச்சை இழுத்துப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில், சிரித்துக்கொண்டு இன்னொரு படம். இரண்டையும் ஒரே நாளில்கூட எடுத்துவிடலாம். போதாததற்குக் கம்ப்யூட்டரில் இடுப்பைச் செதுக்குகிறார்கள். செல்போனில் உள்ள ‘ஃபில்டர்’ ஒரே விநாடியில் கன்னத்தை ஒட்ட வைத்து, தோலை வெளுக்க வைக்கிறது. அதாவது, உங்கள் பெண் தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிற அந்த முகம் நிஜத்தில் யாருக்குமே கிடையாது. அந்தப் படத்தில் இருக்கிறவருக்கே கிடையாது!

பிரான்ஸ் நாட்டில், விளம்பரத்தில் மாடலின் உடம்பைக் கம்ப்யூட்டரில் மெலிய வைத்தாலோ பருமனாக்கினாலோ ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட்டே தீர வேண்டும் என்று 2017-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் அந்தக் குறிப்பை நாம்தான் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லித் தர வேண்டும்.

ஒரு தீவு கற்றுத்தந்த பாடம்

“டி.வி. பார்த்தெல்லாமா சோறு இறங்காம போகும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பசிபிக் கடலில் ஃபிஜி என்று ஒரு தீவு நாடு. கரும்புத் தோட்ட வேலைக்காக அந்தக் காலத்தில் நம் தமிழர்களும் கப்பலேறிப் போன ஊர். அங்கே பூர்வகுடி மக்களிடையே நன்றாகச் சாப்பிட்டு, திடமாக இருப்பதுதான் அழகு. “இளைச்சுட்டியே” என்பது அங்கே கவலையோடு கேட்கிற வார்த்தை. நம் அப்பாயிமார் மாதிரியேதான்!

நாட்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல்தான் டி.வி. வந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஆன் பெக்கர், டி.வி. வந்த புதிதில் பூர்வகுடிப் பள்ளி மாணவிகளிடம் ஓர் ஆய்வு செய்தார். மூன்று வருடம் கழித்து, 1998-ல் அதே வயது மாணவிகளிடம் மறுபடியும் செய்தார். சாப்பாடு விஷயத்தில் மனசு கோணிப்போனதைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 1995-ல் 12.7 சதவிகிதம். 1998-ல் 29.2 சதவிகிதம்! எடையைக் குறைக்க வேண்டி, சாப்பிட்டதை வரவழைத்து வாந்தி எடுத்தவர்கள் 1995-ல் ஒருவர்கூட இல்லை. 1998-ல் 11.3 சதவிகிதம். டி.வி. ஒன்றுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் டி.வி.யில் வருகிறவர்களைப் போல ஆக வேண்டும் என்று அந்தப் பெண்களே வாய்விட்டுச் சொன்னார்கள்.

செல்போன் விஷயத்தில் கம்பெனிக்காரர்களே செய்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியே வந்தது. தங்கள் உடம்பைப் பற்றி மனக்குறையோடு இருந்த டீன்ஏஜ் பெண்களில் 32 சதவிகிதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தார்கள். எடை குறைப்பு வீடியோ ஒன்றை உங்கள் பெண் பார்த்துவிட்டால் போதும். அடுத்து பத்து வீடியோக்களை அதுவே கொண்டுவந்து கொட்டும்.

நம் ஊரிலுமா?

ஆமாம். 1990-களில் சென்னையில் மனநல மருத்துவர்கள், மருத்துவம் படிக்கும் மாணவ மாணவியர் 210 பேரிடம் விசாரித்தார்கள். அவர்களில் 14.8 சதவிகிதம் பேருக்குச் சாப்பாடு, எடை பற்றிய தொல்லை இருந்தது. முற்றிய நோய் அல்ல, அதன் லேசான வடிவம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை யோசியுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். தில்லி எய்ம்ஸ் மனநல மருத்துவர்கள் 1995-ல் ஐந்து இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, பயங்கர எடைக் குறைவு, மாதவிலக்கு நின்றுபோதல் எல்லாம் இருந்தன. ஆனால் ‘நான் குண்டாக இருக்கிறேன்’ என்ற எண்ணம் அவர்களிடம் வெளிப்படவில்லை. நம் பெண்களிடமும் இதை எதிர்பார்க்கலாம். “குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு” என்று சொல்லாமல், “பசிக்கலை, வயிறு பொருமுது, நெஞ்சுல நிக்குது” என்பார்கள். நாமும் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுப்போம். குடல் இறங்கிவிட்டதென்று வயிறு தட்டப் போவோம். காத்து கருப்பு என்று மந்திரிப்போம். இதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

2025 மார்ச் மாதம் கேரளத்தில் ஓர் இளம் பெண், இணையத்தில் பார்த்த டயட்டைப் பின்பற்றி, வீட்டுக்குத் தெரியாமல் பட்டினி கிடந்து உயிரையே விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

மூன்று வகை

முதல் வகை ‘அனோரெக்ஸியா நெர்வோசா’. எலும்பும் தோலுமாக ஆன பின்னும் சாப்பிட மறுப்பது. மனநோய்களிலேயே அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று. ‘தி கார்பெண்டர்ஸ்’ இசைக்குழுவின் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி கரேன் கார்பெண்டர் 1983-ல், 32 வயதில், இந்த நோயால் இதயம் பழுதாகி இறந்தார்.

இரண்டாவது ‘புலிமியா’. கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் அதை வெளியேற்றுவது. எடை சாதாரணமாகவே இருப்பதால் வெளியே தெரியாது. இளவரசி டயானா தனக்கு இந்நோய் இருந்ததை 1995-ல் டி.வி. பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, வெளியேற்றாமல் அடிக்கடி அளவுமீறித் தின்பது. “வாயைக் கட்டத் தெரியாதவ” என்று ஊர் ஏசும். இதுவும் நோய்தான்.

எல்லாப் பழியையும் விளம்பரத்தின் தலையில் போடவும் கூடாது. டி.வி.யே இல்லாத 1873-லேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்நோயை விவரித்திருக்கிறார். பரம்பரை, எதிலும் முதலாக வர வேண்டும் என்ற பிடிவாத குணம், மனக்காயம், கேலி என்று பல காரணங்கள் உண்டு. காய்ந்த வைக்கோல் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரம் தீக்குச்சியைக் கிழிக்கிறது.

பட்டினியே புத்தியை மாற்றும்

“திமிரு, ஒரு அறை விட்டா சாப்பிடுவா” என்கிற பெற்றோர்களே, இதைப் படியுங்கள். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். நல்ல மனநிலையில் இருந்த அந்த ஆண்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பே ஆகிவிட்டது. சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரித்தார்கள். எரிச்சல், சோகம், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது எல்லாம் வந்தன.

உங்கள் பெண் தான் சாப்பிடாமல் தம்பிக்கு மட்டும் வகை வகையாகச் சமைத்துப் போடுகிறாளா? சமையல் வீடியோவே பார்த்துக்கொண்டிருக்கிறாளா? சிடுசிடுக்கிறாளா? அது திமிர் அல்ல. பட்டினி கிடக்கிற மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஐந்து கேள்விகள்

லண்டன் மருத்துவர்கள் 1999-ல் வெளியிட்ட எளிய சோதனை இது. உலகமெங்கும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். இதில் கேட்கப்படும் விஷயங்கள்:

1. வயிறு நிறைந்துவிட்டதே என்ற சங்கடத்தில் நீங்களாகவே வாந்தி எடுக்கிறீர்களா?
2. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று கவலைப்படுகிறீர்களா?
3. மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் இளைத்திருக்கிறீர்களா?
4. மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லியும் நீங்கள் குண்டு என்று நினைக்கிறீர்களா?
5. சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆட்டிப்படைக்கிறதா?

இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

அம்மாக்கள் கவனிக்க வேண்டியவை: மாதவிலக்கு நிற்பது, முடி கொத்தாகக் கொட்டுவது, வெயில் காலத்திலும் குளிர்கிறது என்பது, தலைசுற்றல், சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது, பல் கூச்சம், புதிது புதிதாக விரதம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் நழுவுவது, லூசான உடைக்குள் உடம்பை மறைப்பது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடர் வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. நடிகரின் ‘சிக்ஸ் பேக்’ பார்த்துவிட்டு, சோற்றை விட்டுப் பவுடரைக் கரைத்துக் குடிக்கிறவர்கள் உண்டு. ஜிம்மில் யாரோ கொடுக்கிற ஊசி, மாத்திரையை மட்டும் தொடவே விடாதீர்கள்.

முதல் வைத்தியம் நம் வாய்க்கு!

விளம்பரம் விதைதான் போடுகிறது. தண்ணீர் ஊற்றுவது யார் தெரியுமா? நாம்தான். “என்னடி, உருண்டு வர்றே?” என்கிற அத்தை. “குண்டூஸ்” என்று கூப்பிடுகிற மாமா. “இப்படியே இருந்தா எவன் கட்டுவான்?” என்கிற நாம். பெண் பார்க்க வந்தவர்களின் “கொஞ்சம் இளைச்சா நல்லாயிருக்கும்.” பலகையில் பார்த்ததை வீடே உறுதி செய்துவிட்டால், அந்தப் பிள்ளை வேறு எங்கேதான் போகும்?

ஆகவே, இன்றிலிருந்து:

* யாருடைய உடம்பையும் வைத்துக் கேலி வேண்டாம். உங்கள் உடம்பையே “ஐயோ, என் தொப்பை” என்று பிள்ளை முன்னால் திட்டாதீர்கள்.
* ஒரு வேளையாவது குடும்பமே சேர்ந்து சாப்பிடுங்கள். அப்போது டி.வி.யும் போனும் வேண்டாம்.
* விளம்பரம் வந்தால், “இதுல எது நிஜம், எது டூப்பு?” என்று பிள்ளையோடு சேர்ந்தே கண்டுபிடியுங்கள். நல்ல விளையாட்டு இது.
* “ஏன் சாப்பிடலை?” என்று அதட்டாதீர்கள். “நீ சோர்வா இருக்கறத பாக்கறேன், எனக்குக் கவலையா இருக்குடா” என்று ஆரம்பியுங்கள்.

“அப்போ எடை கூடினா பரவாயில்லையா?” என்று கேட்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேருக்கு எடை அதிகம். அதே சமயம் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை! எடை குறைக்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும், விளம்பரம் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பெண் பட்டினியும் கிடந்தால் என்னாவது? கம்பங்கூழ், கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, கடலை உருண்டை என்று நம் மண்ணிலேயே எல்லாம் இருக்கிறது.

எங்கே போவது?

பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் விசாரியுங்கள். தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. உடல் டாக்டர், மனநல டாக்டர், உணவு ஆலோசகர் மூவரும் சேர்ந்து பார்ப்பதே சிறந்த சிகிச்சை. வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோரே பக்கத்தில் இருந்து, பொறுமையாகச் சாப்பிட வைக்கும் முறை நல்ல பலன் தருகிறது. ஆனால் ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக விருந்து வைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று மாறி ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

“மனநல டாக்டரா? ஊர் என்ன பேசும்?” என்று தயங்குகிறீர்களா? 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. உடல் பருமனைக் குணமாக்கும், உயரமாக்கும் என்றெல்லாம் மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் தடை செய்கிறது. ஏமாற்று விளம்பரம் கண்ணில் பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது, “எனக்கு வேணாம்மா” என்று தட்டைத் தள்ளினால், சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் தட்டையும் அங்கேயே கொண்டுவந்து வையுங்கள். அவள் பேசும் வரை காத்திருங்கள். மூன்று மாதத்தை ஒரே ராத்திரியில் சரி செய்துவிட முடியாதுதான். ஆனால் முதல் மாதத்திலேயே நீங்கள் கவனித்துவிட்டால், பிரேயரில் விழுந்துவிட்டாள் என்ற அந்தப் போன் உங்களுக்கு வராமலேயே போகலாம்.